குழந்தையின் குறட்டை: வீட்டிலேயே தூக்கச் சோதனை செய்வது எப்படி, அதை எவ்வளவு நம்பலாம்?

குழந்தை குறட்டை விட்டால் நம் வீடுகளில் யாரும் கவலைப்படுவதில்லை. “பிள்ளை அசந்து தூங்குறான், லைட்டை அணை” என்பார்கள். என் மகன் குறட்டை விட்டபோது அவன் தாத்தாவின் குறட்டையோடு ஒப்பிட்டு வீடே சிரித்தது. நானும்தான். அவனுக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்த சமயம், ஒரு விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அந்தக் குறட்டை நடுவில் நின்றுபோனதைக் கவனித்தேன். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கின, மூச்சுச் சத்தம் மட்டும் இல்லை. பிறகு ஒரு பெரிய இழுப்பு. புரண்டு படுத்தான், மறுபடி குறட்டை.

அதற்கு ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சுத்தடை, என்று பெயர் உண்டென்பதே அன்று எனக்குத் தெரியாது. அதன்பின் வந்த மாதங்களில் வீட்டில் என்னென்ன பார்க்கலாம், எந்தக் கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று அலைந்து திரிந்து தெரிந்துகொண்டேன். இந்தப் பாதையில் புதிதாகக் கால் வைக்கும் பெற்றோருக்காக அதை வரிசையாக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சோதனை “இருக்கிறது” என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். “இல்லை” என்று சொன்னால், குழந்தை இன்னும் குறட்டை விட்டுத் திணறிக்கொண்டிருக்கும்வரை அதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

என்ன நடக்கிறது?

குழந்தைகளில் நூற்றுக்கு 1 முதல் 5 பேருக்கு இந்தத் தொல்லை இருக்கிறது. 2 வயது முதல் 8 வயது வரை அதிகம். காரணம் பெரும்பாலும் டான்சிலும் அடினாய்டும்தான். தொண்டையின் இரு பக்கச் சதை என்று நாம் சொல்வது டான்சில், மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை அடினாய்டு. அந்த வயதில் தொண்டையின் மூச்சு வழி இன்னும் சிறியது, சதையோ அதற்குப் பெரியது. விழித்திருக்கும்போது தசைகள் வழியைத் திறந்து பிடித்துக்கொள்ளும். தூங்கியதும் தசைகள் தளர, வழி குறுகிவிடும். உடல் எடை கூடிய பிள்ளைகளுக்கும் வரும்.

பெரியவர்களுக்கு வந்தால் பகலெல்லாம் தூங்கி வழிவார்கள். குழந்தைகள் நேர்மாறு. ஒரு இடத்தில் உட்காராமல் ஓடுவார்கள், எரிந்து விழுவார்கள், பாடத்தில் கவனம் நிற்காது. “துறுதுறு” என்று பெயர் வாங்கிய சில பிள்ளைகள் உண்மையில் இரவில் சரியாகத் தூங்காத பிள்ளைகள்.

முதல் படி: இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகம்

கருவி வாங்கும் முன் ஒரு நோட்டை எடுங்கள். வாரத்தில் எத்தனை இரவு குறட்டை வருகிறது? சளி பிடித்த நாலு நாள் மட்டும் வந்தால் அது வேறு. சளி இல்லாத காலத்திலும் வாரம் மூன்று இரவுக்கு மேல் வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். வாயைத் திறந்தே தூங்குகிறதா, கழுத்தைப் பின்னால் வளைத்துத் தூங்குகிறதா, தலையணை நனையும் அளவுக்கு வியர்க்கிறதா, நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு மறுபடி தொடங்கியிருக்கிறதா, காலையில் தலைவலி என்கிறதா என்று எழுதுங்கள். வியர்வைக்கு நாம் உடனே வெயிலைக் குற்றம் சொல்வோம். ஃபேனுக்கு அடியில், பக்கத்தில் படுத்திருக்கும் உங்களுக்கு வியர்க்காமல் பிள்ளைக்கு மட்டும் வியர்த்தால் அது கவனிக்க வேண்டிய வியர்வை.

இதையே ஒழுங்குபடுத்திய கேள்வித்தாளும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் செர்வின் குழுவினர் 2000-ல் வெளியிட்ட குழந்தைகள் தூக்கக் கேள்வித்தாளில் 22 கேள்விகள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் “ஆம்” என்று வந்தால் மேற்கொண்டு பார்க்கச் சொல்வார்கள். மருத்துவரிடம் கேட்டால் கொடுப்பார். நோயை இது உறுதி செய்யாது, யாருக்குச் சோதனை தேவை என்பதைப் பிரித்துக் காட்டும்.

இரண்டாம் படி: செல்போன் வீடியோ

செலவே இல்லாத, ஆனால் மருத்துவர் அதிகம் மதிக்கிற சோதனை இதுதான். “குறட்டை விடுறான் டாக்டர்” என்று நான் சொன்னபோது தலையசைத்தவர், ஒரு நிமிட வீடியோவைக் காட்டியதும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

எல்லோரும் செய்யும் தவறு, பிள்ளை தூங்கிய அரை மணியில் படம் எடுத்துவிட்டு “ஒன்றுமில்லை” என்று முடிவு கட்டுவது. குழந்தைகளுக்கு மூச்சுத்தடை பெரும்பாலும் கனவு வரும் தூக்கத்தில்தான் வரும். அந்தத் தூக்கம் இரவின் பின்பாதியில், விடியலை நெருங்க நெருங்கத்தான் நீளும். அதனால் அதிகாலை மூன்றரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து எடுங்கள். கஷ்டம்தான், ஆனால் இரண்டு நாள் போதும்.

சட்டையைக் கழற்றியோ மேலே ஏற்றியோ நெஞ்சும் வயிறும் தெரியும்படி வையுங்கள். முகமும் அதே படத்தில் வர வேண்டும். மங்கலான விளக்கு போதும். ஃபேன் சத்தம் குறட்டையை அமுக்கிவிடும், அதனால் போனைத் தலைமாட்டுக்கு அருகில் ஒரு டப்பாவில் சாய்த்து வைத்து அரை மணி நேரம் ஓட விடுங்கள். பிறகு பார்க்கும்போது மூன்றைத் தேடுங்கள். குறட்டை திடீரென்று நின்று, நெஞ்சு மட்டும் அசைந்து, பின் இழுப்போடு மூச்சு திரும்புகிறதா? மூச்சு இழுக்கும்போது வயிறு மேலே போக நெஞ்சு உள்ளே குழிகிறதா? கழுத்துக் குழியும் விலா எலும்புகளின் இடைவெளியும் உள்ளே இழுபடுகின்றனவா? இவை வரும் நிமிடத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் அந்த இடத்தை மட்டும் காட்டுங்கள். முழு அரை மணியைப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது.

வீடியோ எடுக்கும்போதோ மற்ற நேரத்திலோ உதடு நீலம் பாரித்தாலும், எழுப்பியும் எழாமல் போனாலும், விழித்திருக்கும்போதே மூச்சுக்குத் திணறினாலும் படம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவமனை.

மூன்றாம் படி: மருத்துவர், அப்புறம்தான் கருவி

குழந்தை மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள். டான்சில் அளவைப் பார்ப்பார், அடினாய்டுக்கு எக்ஸ்ரேயோ மூக்கு வழியே சிறு கேமராவோ வைப்பார். ஒன்று நினைவில் இருக்கட்டும். டான்சில் பெரிதாக இருப்பதாலேயே நோய் தீவிரம் என்றோ, சிறிதாக இருப்பதாலேயே இல்லை என்றோ சொல்ல முடியாது. அதனால்தான் சோதனை.

சில பிள்ளைகளுக்கு வீட்டுச் சோதனையில் நேரத்தை வீணாக்கவே கூடாது, நேராக ஆஸ்பத்திரியின் தூக்க ஆய்வகத்துக்குப் போக வேண்டும். 2 வயதுக்கு உட்பட்டவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள், தாடை அல்லது முக எலும்பு அமைப்பில் குறை உள்ளவர்கள், தசை நரம்பு நோய் உள்ளவர்கள், சிக்கிள் செல் ரத்தநோய் உள்ளவர்கள், உடல் பருமன் மிகுந்தவர்கள். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு அறிகுறியே இல்லாவிட்டாலும் 4 வயதுக்குள் ஒருமுறை ஆய்வகச் சோதனை செய்யச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம்.

மற்ற பிள்ளைகளுக்கும் சிறந்த சோதனை ஆய்வகத்தில் ஓர் இரவு தங்கி, மூளை அலை, மூச்சு, ஆக்சிஜன் எல்லாவற்றையும் ஒன்றாகப் பதிவு செய்யும் பாலிசோம்னோகிராபிதான். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2017-ல், குழந்தைகளுக்கு நோயை உறுதி செய்ய வீட்டுக் கருவிச் சோதனையைப் பரிந்துரைக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. ஆனால் குழந்தைகளுக்கான ஆய்வகம் எல்லா ஊரிலும் இல்லை. குழந்தை மருத்துவர் சங்கம் 2012-ல் வெளியிட்ட வழிமுறையில், ஆய்வகம் கிடைக்காத இடத்தில் இரவு வீடியோ, இரவு ஆக்சிஜன் பதிவு, வீட்டில் செய்யும் பதிவு ஆகியவற்றைச் செய்யலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது. நம்மில் பலர் நிற்பது இந்த இரண்டாவது இடத்தில்தான். அதனால் அதைச் சரியாகச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம் படி: எந்தக் கருவி?

வீட்டுக்கு வருவது பொதுவாக இரண்டு வகை. ஒன்று இரவு முழுவதும் பதிவு செய்யும் ஆக்சிமீட்டர். ஆக்சிஜன் அளவையும் நாடித்துடிப்பையும் மட்டும் எழுதிக்கொள்ளும். இன்னொன்று அதோடு மூக்கில் காற்றோட்டக் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட் சேர்ந்தது. இரண்டாவது கூடுதல் விவரம் தரும், பிள்ளை பிடுங்கிப் போடுவதும் அதிகம்.

கொரோனா காலத்தில் வாங்கி வைத்த விரல் ஆக்சிமீட்டரை மாட்டி இரவில் எட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. அவற்றில் பலவற்றுக்கு நினைவகம் கிடையாது, சிறு விரலில் சரியாக உட்காராது, பல நொடிகளின் சராசரியைக் காட்டுவதால் சட்டென்று இறங்கி ஏறும் ஆக்சிஜன் சரிவை மறைத்துவிடும். பதிவுக் கருவியில் அந்தச் சராசரி நேரம் 3 நொடிக்குள் இருக்க வேண்டும். கருவி தருபவரிடம் இதைக் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்.

கைக்கடிகாரங்களைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அமெரிக்க உணவு மருந்துத் துறை ஆப்பிள் கடிகாரத்தின் ஸ்லீப் அப்னியா அறிவிப்பை 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், சாம்சங் கடிகாரத்தினுடையதை 22 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும்தான் அனுமதித்திருக்கிறது. மருத்துவர்கள் தரும், கையில் கட்டும் வாட்ச்பேட் என்ற தூக்கச் சோதனைக் கருவிகூட 12 வயதிலிருந்துதான். ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் அப்பாவின் கடிகாரத்தைக் கட்டி வரும் எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

ஐந்தாம் படி: அந்த இரவு

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் தள்ளிப் போடுங்கள். மூக்கடைப்பு இருக்கும் இரவு, அந்த இரவைப் பற்றி மட்டும்தான் சொல்லும். சீக்கிரம் தூங்கட்டும் என்று சளி மருந்தோ தூக்கம் வரும் சிரப்போ கொடுக்கவே கூடாது. வழக்கமாகக் கொடுக்கும் மருந்தை நிறுத்தலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மாலையில் காபி, டீ, கோலா வேண்டாம். வழக்கமான நேரத்திலேயே படுக்க வையுங்கள்.

இரண்டு நாள் முன்பே கருவி கைக்கு வந்தால் பொம்மைக்கு மாட்டிக் காட்டுங்கள். என் மகன் தன் கரடிக்குப் பெல்ட் கட்டி, “நீ மூச்சு விடு, நான் எழுதிக்கிறேன்” என்று விளையாடினான். அந்த விளையாட்டு இல்லாமல் போன முதல் இரவுக்கும், விளையாடிய இரண்டாம் இரவுக்கும் இருந்த வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்தேன்.

முகத்தில் பவுடர், க்ரீம், எண்ணெய் இருந்தால் டேப் ஒட்டாது. மாலையிலேயே முகம் கழுவித் துடைத்துவிடுங்கள். (ஆய்வகத்துக்குப் போவதாக இருந்தால் அன்று தலைக்கும் எண்ணெய் வைக்காதீர்கள். மண்டையில் ஒட்டும் கம்பிகள் வழுக்கும்.) நகப்பூச்சோ அடர்ந்த மருதாணியோ இருக்கும் விரலைத் தவிருங்கள்.

ஆக்சிஜன் சென்சாரைக் கைவிரலைவிடக் கால் கட்டை விரலில் மாட்டுவது நல்லது. பிள்ளையின் கை தூக்கத்தில் எங்கெங்கோ போகும். சென்சாரின் ஒளிரும் பக்கம் நகத்தின் மேல் வரும்படி சுற்றி, மேலே ஒரு காலுறை போட்டு, கம்பியைக் கணுக்காலில் ஒரு டேப்பால் நிறுத்திவிடுங்கள். இறுக்கிச் சுற்றாதீர்கள், ரத்த ஓட்டம் குறைந்தால் எண் பொய் சொல்லும். கால் சில்லிட்டிருந்தாலும் அப்படித்தான், ஏசியின் குளிரைக் கொஞ்சம் குறையுங்கள். கம்பி எப்போதும் கால்மாட்டுப் பக்கமாகவே போக வேண்டும். கழுத்துப் பக்கம் ஒரு கம்பியும் தொங்கக் கூடாது. இதில் மட்டும் சமாதானமே வேண்டாம்.

பெல்ட்டைத் தூங்கும் முன் பனியனுக்கு மேல் கட்டுங்கள். மூக்குக் குழாயைத் தூங்கிய பிறகு மெல்ல வைத்து இரு கன்னத்திலும் டேப் ஒட்டுங்கள். நீங்கள் அதே அறையில் படுங்கள். ஹாலில் எல்லோரும் வரிசையாகப் பாய் போட்டுத் தூங்கும் வீடென்றால் அன்று பிள்ளையை ஓரத்தில், ஒரு பக்கம் நீங்களும் மறுபக்கம் யாரும் இல்லாமலும் இருக்கும்படி படுக்க வையுங்கள். கொசுவத்திச் சுருள் வேண்டாம், வலை போதும்.

பக்கத்தில் நோட்டு இருக்கட்டும். எத்தனை மணிக்குத் தூங்கியது, எப்போது எழுந்து பாத்ரூம் போனது, சென்சார் எப்போது கழன்றது, எப்போது மறுபடி மாட்டினீர்கள், கரண்ட் போனதா என்று எல்லாம் குறியுங்கள். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் கால் உதறியபோது வந்த பொய்ச் சரிவையும் உண்மையான சரிவையும் பிரிப்பது கடினம். குறைந்தது 6 மணி நேரமாவது நல்ல பதிவு தேவை.

எங்கள் முதல் இரவில் சென்சார் இரண்டு மணிக்குக் கழன்றுவிட்டது. நான் தூங்கிப்போனேன். அதாவது விடியற்காலைத் தூக்கம் பதிவாகவே இல்லை. ஆனால் வந்த அறிக்கையில் “நார்மல்” என்று அச்சடித்திருந்தது. வீட்டில் இனிப்புச் செய்தோம். மூன்று வாரம் கழித்து வேறொரு மருத்துவர் பதிவு நேரத்தைப் பார்த்துவிட்டு, “இதில் பாதி இரவே இல்லையேம்மா” என்றார். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

ஆறாம் படி: அறிக்கையைப் படிப்பது

முடிவுரையைப் பார்க்கும் முன் பயன்படக்கூடிய பதிவு எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். குறைவாக இருந்தால் மற்ற எண்களைப் படிக்கவே வேண்டாம், இன்னொரு இரவு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

ஆக்சிமீட்டர் பதிவுக்கு மெக்கில் மதிப்பெண் என்று ஒரு முறை இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியல் குழந்தைகள் மருத்துவமனையில் உருவானது. இரவு வரைபடத்தில் கொத்துக் கொத்தாகச் சரிவுகள் குறைந்தது மூன்று இடத்தில் வந்து, ஆக்சிஜன் குறைந்தது மூன்று முறை 90 சதவீதத்துக்குக் கீழே போனால் அது நோய்க்கான அடையாளம். 85-க்குக் கீழே, 80-க்குக் கீழே என்று போகப் போகத் தீவிரம் கூடும். 2000-ல் அவர்கள் 349 குழந்தைகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், இப்படி வந்தவர்களில் 97 சதவீதம் பேருக்கு ஆய்வகச் சோதனையிலும் நோய் இருந்தது. ஆனால் அடையாளம் எதுவும் வராத பிள்ளைகளிலும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு நோய் இருந்தது! அதனால்தான் அந்த முறையில், அடையாளம் வராத பதிவுக்குத் தரும் 1 என்ற மதிப்பெண்ணுக்கு “நோய் இல்லை” என்று பொருள் கிடையாது. “சொல்ல முடியவில்லை” என்றுதான் பொருள். குழந்தைகளின் நுரையீரலும் இதயமும் தெம்பானவை. வழி பாதி அடைத்தாலும் ஆக்சிஜனைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும், தூக்கம் மட்டும் கெட்டுக்கொண்டே இருக்கும். ஆக்சிமீட்டரின் கண்ணுக்கு அது படாது. கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம் என்பதும் தெரிந்ததே. நம் பிள்ளைகளுக்கு எல்லையோரமாக வரும் எண்ணைப் பார்க்கும்போது இதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

பெல்ட் வைத்த கருவியென்றால் ஏஎச்ஐ என்று ஓர் எண் வரும். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு. பெரியவர்களுக்கு 5 வரை நார்மல். குழந்தைகளுக்கு 1-ஐத் தாண்டினாலே நார்மல் இல்லை. 1 முதல் 5 வரை லேசானது, 5 முதல் 10 வரை நடுத்தரம், 10-க்கு மேல் கடுமையானது. கருவியின் மென்பொருள் பெரியவர் அளவில் விடப்பட்டிருந்தால் 4 வந்த பிள்ளைக்கும் “நார்மல்” என்றே அச்சாகும். அறிக்கையில் குழந்தைகளுக்கான அளவுகோல் என்று எழுதியிருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள்.

இன்னும் ஒரு நுணுக்கம். பெரியவர்களுக்கு 10 நொடி மூச்சு நின்றால்தான் ஒன்று என்று எண்ணுவார்கள். குழந்தை வேகமாக மூச்சு விடும். நிமிடத்துக்கு 20 மூச்சென்றால் ஒரு மூச்சுக்கு 3 நொடி. குழந்தைகளுக்கு இரண்டு மூச்சு தவறினாலே ஒன்று என்று எண்ண வேண்டும், அதாவது 6 நொடி. 10 நொடிக்குக் காத்திருக்கும் மென்பொருள் இவற்றையெல்லாம் விட்டுவிடும். அதனால் இயந்திரம் தானே எண்ணியதை ஏற்காமல், பயிற்சி பெற்ற ஒருவர் கையால் எண்ணித் தந்தாரா என்று கேளுங்கள்.

வீட்டுக் கருவிக்கு மூளையின் அலைகள் தெரியாது. பிள்ளை தூங்கிய நேரத்தையும் விழித்துக் கிடந்த நேரத்தையும் சேர்த்தே வகுக்கும். 30 தடை வந்து, பதிவு 8 மணி நேரம் என்றால் 3.75 என்று காட்டும். பிள்ளை உண்மையில் தூங்கியது 6 மணி நேரம்தான் என்றால் சரியான எண் 5. லேசானது என்ற இடத்திலிருந்து நடுத்தரத்தின் வாசலுக்கு வந்துவிட்டது. உங்கள் நோட்டில் இருக்கும் தூக்க நேரம் இங்கேதான் பயன்படும்.

அடுத்து என்ன?

தெளிவாக நோய் என்று வந்தால் மருத்துவர் சிகிச்சையைப் பேசுவார். லேசானதற்குச் சில வாரம் மூக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்துப் பார்ப்பதுண்டு. சதை பெரிதாக இருந்து தொல்லையும் இருந்தால் டான்சிலையும் அடினாய்டையும் எடுப்பதுதான் முதல் சிகிச்சை. அறுவை என்றதும் பயம் வரும். 2013-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் 5 முதல் 9 வயதுள்ள 464 குழந்தைகளை இரு பிரிவாக்கி 7 மாதம் கழித்துப் பார்த்தார்கள். அறுவை செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்கும், காத்திருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கும் தூக்கச் சோதனை சரியாகிவிட்டது. இரண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். அறுவை நல்ல பலன் தருகிறது, ஆனால் தீவிரம் இல்லாத பிள்ளைக்குக் கொஞ்ச காலம் காத்திருந்து பார்ப்பதும் தப்பில்லை. எந்தப் பக்கம் என்பதை உங்கள் பிள்ளையைப் பார்த்த மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

அறுவை என்று முடிவானால் சோதனை அறிக்கையை மயக்க மருத்துவர் கையில் நீங்களே கொடுங்கள். இரவில் ஆக்சிஜன் அடிக்கடி குறைந்த பிள்ளைகளுக்குச் சில வலி மருந்துகள் மூச்சை அமுக்கிவிடும். 3 வயதுக்கு உட்பட்டவர்களையும் கடுமையான நோய் உள்ளவர்களையும் அன்றிரவு ஆஸ்பத்திரியிலேயே கண்காணிப்பில் வைப்பார்கள்.

சோதனையில் ஒன்றும் வரவில்லை, ஆனால் நோட்டிலும் வீடியோவிலும் அறிகுறி இருக்கிறது என்றால் ஆய்வகச் சோதனைக்குச் சீட்டு கேளுங்கள். தூரமாக இருந்தாலும் ஓர் இரவுதான். நாங்கள் அப்படித்தான் போனோம். ஏஎச்ஐ ஏழு என்று வந்தது. அறுவை முடிந்து எட்டாவது வாரம் மறுபடி அதிகாலை மூன்றரைக்கு அலாரம் வைத்து, அதே இடத்தில் போனைச் சாய்த்து வைத்து அரை மணி நேரம் எடுத்தேன். ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. பழைய வீடியோவை அழிக்காமல் வைத்திருக்கிறேன். நீங்களும் வைத்திருங்கள். எடை கூடினாலோ குறட்டை திரும்பினாலோ ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.